அறுபத்தேழாவது தகடு

தகட்டில் ஓட்டை இருந்தது. அதிலிருந்து விழுந்திருக்க வேண்டிய துண்டைத்தான் காணோம்.

ஆரோக்கியராஜ் இடுப்பில் கைவைத்து நின்று இன்னொரு முறை எண்ணினான். வெட்டி முடித்து மெஷின் வெளியே தள்ளியிருந்த தகட்டில், ஆர்டர் கொடுத்த கம்பெனிக்காரன் கேட்ட பிறைத் துண்டுகள் பதினான்கு. அவை பெயர்ந்த இடத்தில் பிறை ஓட்டை பதினான்கு. கம்பெனிக்காரன் கேட்காத வட்டத் துண்டுகள் இரண்டு. அது ஆரோக்கியராஜின் சொந்தச் சரக்கு, அதற்கும் ஓட்டை இரண்டு. அதோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் தகட்டின் மூலையில் மிஞ்சிய காலி இடத்தில், யாரும் கேட்காமல், பக்கத்துப் பக்கத்தில் இன்னும் இரண்டு ஓட்டைகள். நீளமாக, நடுவில் இடுங்கி, ஒரு முனையில் அகன்று. செருப்புக் கடைக்காரன் அட்டையில் கால் அளவை வரைந்து வெட்டியது போல.

இருபத்தைந்து மில்லி கனத் தகடு. அந்த அளவில் ஒரு துண்டு நாலு கிலோவாவது தேறும். நாலு கிலோ இரும்பு பறந்து போகாது. அவன் மெஷின் கதவைத் திறந்து, பல் பல்லாக நிற்கும் தாங்கு பட்டைகளுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். கசடு இருந்தது, கறுப்புத் தூசி இருந்தது, மூக்கின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும் வெந்த இரும்பின் நெடி இருந்தது. துண்டு இல்லை.

திண்டிவனத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் நின்ற அந்தத் தகரக் கொட்டகையில் முப்பது கிலோவாட் லேசர் மெஷின் வந்து இறங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. ரயில் பெட்டி நீளம். பச்சைக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன ஜன்னல். உள்ளே ஓடுகிற ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரிவது பொறி மட்டும். கேட்பது, காற்று அடித்து உருகிய இரும்பை ஊதித் தள்ளும் ஒரு நீண்ட உஸ்ஸ். கேஸ் வைத்து அரை நாள் வெட்டிய தகட்டை இது டீ ஆறுவதற்குள் வெட்டி எறிந்துவிடும்.

தகட்டில் துண்டுகளை நெருக்கி அடுக்குவது கம்ப்யூட்டரின் வேலை. முகூர்த்த நாள் கண்டக்டர் மாதிரி அது எவ்வளவு நெருக்கினாலும், அங்கங்கே சந்து மிஞ்சத்தான் மிஞ்சும். அந்தச் சந்தில் ஆபரேட்டர் தனக்கு வேண்டியதை வெட்டிக்கொள்வது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம். இரண்டாம் ஷிப்ட் சின்னதுரை கேட்டுக்குக் கொண்டி வெட்டுவான். ஆரோக்கியராஜ் வெட்டுவது ஜிம்முக்கு வெயிட் தட்டு. விழுப்புரத்தைச் சுற்றி ஊருக்கு ஒரு ஜிம் முளைத்துவிட்டது. மார்பை அகலப்படுத்த ஆசைப்படும் பையன்கள் இருக்கிற வரை அந்த வியாபாரத்துக்குக் குறைவில்லை. தகட்டுக் கணக்கில் எடை குறைந்தால் வெட்டில் உருகிப் போயிற்று என்றுவிடலாம். உருகிப் போனதை எவன் வந்து அள்ளிப் பார்க்கப் போகிறான்?

இந்த ஆர்டர் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அறுபத்தேழு தகடு, கம்பெனிக்காரன் சொந்தமாக அனுப்பியது. துண்டுகளை எடுத்த பிறகு மிஞ்சும் சட்டங்களை உடைக்கக் கூடாது, வெட்டிய வரிசையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. விஷயம் அதுகூட இல்லை. முதலாளி கோதண்டபாணி போனில் சொன்ன முதல் விலைக்கே அந்த ஆள் சரி என்றுவிட்டான். கோதண்டபாணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷமாக வாங்கி விற்கிற மனுஷன்; பேரம் பேசாதவன் ஒன்று ஏமாளியாக இருக்க வேண்டும், இல்லை வேறு எதையோ வாங்க வந்தவனாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஏமாளி என்று முடிவு கட்டி மனதைத் தேற்றிக்கொண்டார்.

திங்கள் மத்தியானம் சின்னதுரை வருவதற்குள் ஏழு தகடு முடிந்திருந்தது. ஏழிலும் அந்த இரண்டு ஓட்டை. மேலே போகப்போகச் செருப்பு குட்டையாகி, இப்போது கோழிமுட்டை வடிவத்துக்கு வந்திருந்தது.

"இன்னாபா சின்னதொர, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?"

"இன்னாண்ணே?"

"இரும்புச் செருப்பு வெட்றியே. ப்ரோகிராம நேத்து ஏத்தினவன் நீதான. சாமி ரொம்ப தூரம் நடக்குதா?"

சின்னதுரை குனிந்து பார்த்தான். பிறகு ஸ்கிரீனில் போய்ப் பார்த்தான். பிறை பதினான்கு, வட்டம் இரண்டு. மூலை காலி.

"எம்மேல போடாதண்ணே. எனக்குக் கொண்டி போதும்." அவன் விரலால் ஓட்டையின் உள்விளிம்பைச் சுற்றி வந்தான். "இது எங்க ஆரம்பிச்சிது?"

ஆரோக்கியராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. லேசர் எந்த ஓட்டையைப் போட்டாலும் முதலில் ஒரு புள்ளியில் குத்தி இறங்கி, அங்கிருந்துதான் விளிம்புக்குப் போகும். அந்தத் தழும்பு எப்போதும் இருக்கும். இதில் இல்லை. உட்சுவர் ஒரு கோடுகூட இல்லாமல் நீலம் பாரித்து, முகம் தெரிகிற வழவழப்பில் இருந்தது.

"மொதலாளி கிட்ட சொல்லிடலாமா?" என்றான் சின்னதுரை.

"சொல்லு. அப்படியே கொண்டியும் தட்டும் எங்கேர்ந்து வந்திச்சின்னும் சொல்லு."

இருவரும் வாயை மூடிக்கொள்வது என்று நின்ற இடத்திலேயே முடிவாயிற்று.

விழுப்புரத்தில் ரயில்வே லைனுக்குப் பின்னால் வீடு. ஏழு மணிக்கு ஆரோக்கியராஜ் ஷூவைக் கழற்றி, சாக்ஸைப் பிழியப் போனான். சாக்ஸ் காய்ந்திருந்தது. பாதம்தான் ஈரம். தடவினால் ஈரமில்லை, ஆனால் உள்ளே விரல் இடுக்கெல்லாம் சில்லென்று தண்ணீர் நிற்கிற மாதிரி இருந்தது. மனைவி அமலா வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து வாளியை முன்னால் நகர்த்தினாள். அவன் காலை உள்ளே விட்டுக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தற்செயலாகத் தண்ணீரைத் தொட்டவள் அவன் முழங்காலைப் பிடித்து இழுத்தாள்.

"கொதிக்குதுங்க. தெரியல உங்களுக்கு?"

பாதம் இரண்டும் சிவந்து போயிருந்தது. அவனுக்குச் சூடே தெரியவில்லை. குளிர் தெரிந்தது. துரு நாற்றமுள்ள குளிர். நாற்றம் மூக்குக்கு வராமல் கால் வழியாக வருமா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் அப்படித்தான் வந்தது.

சின்னதுரைக்குப் போன் போட்டான்.

"அங்க மழையா?"

"ஊத்துதுண்ணே. வெளிய அடுக்கெல்லாம் நனைஞ்சிக்கினு கெடக்குது. இரு, பத்தாவது சட்டத்த கிரேன்ல பெரியதம்பி எறக்கறாரு."

போனில் கிரேன் சங்கிலியின் சலசலப்பு. அப்புறம் இரும்பின்மேல் இரும்பு உட்காரும் ணங். அந்தச் சத்தம் காதில் விழுந்த அதே நொடியில் அவன் இரண்டு கணுக்காலுக்கு மேலே, நான்கு பக்கமும் சமமாக, ஏதோ ஒன்று வந்து இறுக்கமாகப் பொருந்தியது.

விழுப்புரத்தில் வானம் நட்சத்திரம் தெரியக் கிடந்தது. ஒரு சொட்டு மழையில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நொண்டாமல்தான் நடந்தான். கால் சொன்ன பேச்சைக் கேட்டது. தரை மட்டும் தெரியவில்லை. தரைக்குப் பதில் வேறொரு தரை தெரிந்தது, ஈரமாக, சொரசொரப்பாக, எப்போதும் ஒரே இடத்தில்.

கொட்டகைக்குப் பின்னால் சட்டங்களின் அடுக்கு முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. கிரேன்காரர் பெரியதம்பிக்கு அடுக்குவதில் ஒரு கர்வம். மூலைக்கு மூலை நூல் பிடித்தாற்போல வைப்பார். துண்டுகளின் பிசிறைத் தேய்க்கும் செண்பகம், அடுக்கின்மேல் குனிந்து செல்போன் வெளிச்சத்தை மூலை ஓட்டையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, செருப்புன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே. இங்க வந்து பாருங்க."

தனித்தனியாகப் பார்த்தபோது முட்டையும் வட்டமுமாக இருந்தவை இப்போது ஒன்றன்மேல் ஒன்றாக ஒத்து நின்று, இரண்டு குழிகளாகக் கீழே இறங்கின. குழியின் அடியில் பாதம். அதன்மேல் கணுக்கால். அதன்மேல் ஆடுசதை. மெழுகில் யாரோ நின்றுவிட்டு எழுந்து போனது போல, இரும்பில் ஒரு ஆளின் இரண்டு கால்.

"ஒரு காலு இளைச்ச காலு," என்றாள் செண்பகம். "இடது."

ஆரோக்கியராஜ் இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மூன்று வருஷத்துக்கு முன் மயிலம் ரோட்டில் வண்டியோடு விழுந்து இரும்புக் கம்பி வைத்த கால் அவனுடைய இடது கால். பேண்டுக்குள் இருப்பது, அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

அவள் டீ வாங்கப் போனபின் அவன் முட்டி போட்டு உட்கார்ந்து கையைக் குழிக்குள் விட்டான். காலிதான். சுவர் குளிர்ந்து வழவழவென்றிருந்தது. கை இன்னும் இறங்கியது.

அவன் ஆடுசதையில் யாரோ கைவைத்தார்கள்.

விரல்களை மடக்கினான். குழியில் வெறும் காற்றைத்தான் பிடித்தான். காலில் ஐந்து விரல்கள் மடங்கி அழுத்தின. பிடித்தவனும் அவன், பிடிபட்டவனும் அவன். கையை உருவிக்கொண்டு எழுந்தபோது பின்னால் மெஷினின் உஸ்ஸ் நின்றது. பதினாறாவது தகடு முடிந்துவிட்டது.

புத்தி உள்ளவன் செய்வதை அவனும் செய்தான். அடுக்கைக் கலைத்தால் ஆள் கலைந்து போவான், அவ்வளவுதானே. பெரியதம்பியிடம் போய், மேலே இருக்கிற ஐந்து சட்டத்தைத் தூக்கி அந்தப் பக்கம் தனியாக வைக்கச் சொன்னான்.

"ஏன் தம்பி, நல்லாத்தான இருக்குது? நூல் விட்டுப் பாரு."

"சும்மா தூக்குங்க."

காந்தம் இறங்கி முதல் சட்டத்தைக் கவ்வியது. சங்கிலி விறைத்தது. சட்டம் அரை அங்குலம் எழும்பியது.

சொல்ல முடியாத வலி என்று சும்மா சொல்வார்கள். இதைச் சொல்லலாம். கட்டு ஒட்டிய புண்ணிலிருந்து கட்டை உரிப்பது போல, ஆனால் தோலை மட்டுமல்ல, எலும்பைச் சுற்றி, முழங்காலுக்குக் கீழே ஒரே மட்டத்தில், ஒரே வீச்சில். அவன் விழுந்தான். கத்தினானா என்று தெரியவில்லை. பெரியதம்பி பயந்து பட்டனை விட, சட்டம் திரும்ப ணங் என்று உட்கார்ந்தது. வலி போயிற்று. முழுக்க. இருந்த சுவடே இல்லாமல்.

பெரியதம்பி தண்ணீர் கொண்டுவந்தார். "மெஷின் ரூம் ஏசியிலயே இருந்தா இப்படித்தான். வெயில் ஏறிப்போச்சி."

அன்றைக்கு வெயிலே இல்லை.

கோதண்டபாணி பதினோரு மணிக்கு வந்தார். மெஷினை நிறுத்திவிட்டு நின்ற ஆரோக்கியராஜ், அதுவரை மனதுக்குள் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டினான். வெயிட் தட்டு. ஒன்றரை வருஷம். எத்தனை ஜிம். அதற்கப்புறம் மூலை ஓட்டை, கால், வலி. ஆர்டரை இத்தோடு நிறுத்தினால் போதும், தட்டுக்கெல்லாம் என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறேன்.

கோதண்டபாணி சிரித்தார்.

"தட்டு மேட்டரு மொத மாசமே தெரியும் ராஜு. என் மச்சான் பையன் உன் தட்டுலதான் எக்ஸர்சைஸ் பண்றான். சந்து இருந்தா எவனும் பூருவான். நீ பூந்த, நான் கண்டுக்கல. இப்ப எவனோ உன் சந்துல பூந்துட்டான்னு வந்து அழற."

"நீங்களே கைய வுட்டுப் பாருங்க மொதலாளி."

அவர் பார்த்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து, கையைக் குழிக்குள் விட்டுத் துழாவினார். ஆரோக்கியராஜின் முழங்காலுக்குக் கீழே மோதிரம் போட்ட ஒரு தடித்த கை ஏறி இறங்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"மெஷின் கோளாறுதான் இது. சர்வீஸ்காரன் திங்கக்கெழம வர்றான், காட்டலாம். வெள்ளிக்கெழம லாரி வந்து நிக்கும், அதுக்கு இன்னா பதில் சொல்றது? உனக்கு ஒடம்பு முடியலன்னா ஊட்டுக்குப் போ. சின்னதுரை ரெண்டு ஷிப்ட்டும் பாப்பான்."

வீட்டுக்குப் போனான். கதவைப் பூட்டிச் சாவியை அமலாவிடம் கொடுத்து, என்ன கெஞ்சினாலும் கொடுக்காதே என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். காலையில் போகலாம் என்று ஒப்புக்கொண்டான். அறுபத்தேழு தகட்டை அடுக்கினால் ஐந்தரை அடி. அவனும் ஐந்தரை அடியை ஒட்டித்தான். அந்தக் கணக்கை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. படுத்தபடியே தெரிந்தது, ஒவ்வொரு சட்டமும். முட்டி. அதற்கு மேல் தொடை. மேலே மேலே, குழந்தைக்கு நிக்கர் ஏற்றுவது போல இரும்பு ஏறி வந்தது. இடுப்போடு சேர்ந்து, தொங்கவிட்ட கைகளின் விரல்நுனி. உள்ளங்கை. மணிக்கட்டு.

புதன்கிழமை விடிந்ததும் கால்கள் எழுந்தன.

அவன் எழவில்லை. கால்கள்தான். படுத்திருந்த அவனைத் தூக்கி நிறுத்திக்கொண்டு ஷூ இருக்கும் இடத்துக்குப் போயின. கைகள் குனிந்து முடிச்சுப் போட்டன, அவன் போடுவதைவிட நேர்த்தியாக.

"அமலா, என்னப் புடிச்சிக்கோ."

அவள் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டிப்பிடிப்பு அவனுக்குத் தெரியவில்லை. நாற்பது கிலோ கல்லைக் கட்டி இழுப்பது போல உடம்பு அவளையும் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிற்று. வலது கை அவள் முந்தானை முடிச்சிலிருந்து சாவியை மெல்ல, மிக மரியாதையாக, அவிழ்த்து எடுத்தது.

"இது நான் இல்ல," என்றான். "வாய் மட்டுந்தான் நான். கேக்குதா? நான் சாயங்காலம் வந்துருவேன். வரேன். நீ கதவ மட்டும்..."

அதற்குள் உடம்பு அவனைத் தெருமுனைக்குக் கொண்டுபோயிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் நிற்கும் வயல்களைப் பார்த்துக்கொண்டே போனான். பக்கத்தில் இருந்தவர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். திண்டிவனம் என்று சொன்னது அவன்தான். அழுததும் அவன்தான். கண்ணைத் துடைக்கக் கையைக் கேட்டான். கை மடியிலேயே இருந்தது.

அன்றும் மறுநாளும் கைகள் வெட்டின. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு விடுவது அவன் வேலையாகவே இருந்தது, ஆனால் ஒவ்வொரு மூச்சும் மார்பை விரிக்கப் போய் இரும்பில் முட்டித் திரும்பியது. அரை மூச்சு. பிறகு கால் மூச்சு. மழை வந்தால் தோளில் ஓடியது. ராத்திரியானால் உடம்பு வீட்டுக்குப் போகாமல் கொட்டகையிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அமலா எத்தனையோ முறை போன் செய்தாள். கைகள் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. ஐம்பத்தெட்டாவது தகடு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கழுத்து. குரல் இன்னும் சில நிமிடம்தான் என்று அவனுக்குப் புரிந்தது. பச்சைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறி சிதறிக்கொண்டிருந்தது. செண்பகம் தேய்த்த துண்டுகளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தாள்.

"செண்பகம். நில்லு. அந்த செவப்பு பட்டன அமுக்கு."

"இன்னாண்ணே?"

"கேக்காத. அமுக்கும்மா. உன் புள்ளைங்க நல்லா இருக்கும்."

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். போய் அமுக்கினாள். உஸ்ஸ் அறுந்தது. மின்விசிறிகள் ஓய்ந்தன. அப்படி ஒரு அமைதியை அவன் அந்தக் கொட்டகையில் கேட்டதே இல்லை. தூரத்தில் லாரி ஹாரன், தகரத்தில் தூறல், செண்பகத்தின் வளையல். தப்பித்தோம் என்று ஒரு கணம். ஒரே கணம்.

அவன் வலது கை நீண்டது. சிவப்புப் பட்டனைப் பிடித்துத் திருகி விடுவித்தது. பச்சையை அழுத்தியது.

"நீங்கதான நிறுத்தச் சொன்னீங்க?"

உள்ளே பொறி சுற்றி வந்து, தொடங்காத இடத்தில் முடிந்தது. ஆரோக்கியராஜ் வாயைத் திறந்தான். கழுத்துக்குள் இரும்பு.

"சும்மா சொன்னம்மா," என்றது அவன் குரல். "நீ போய் சாப்புடு."

அவள் போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அறுபது. உதடு.

அறுபத்திரண்டு. மெஷின் சத்தம் சட்டென்று எட்டப் போயிற்று. மழைச் சத்தம் கிட்டே வந்தது. தலைக்கு மேலே. நேர் மேலே.

அறுபத்துமூன்றில் கொட்டகை அணைந்தது.

இருட்டில்லை. கண்ணுக்கு ஒரு விரல்கடை முன்னால் நீலம் பாரித்த சுவர். அதில் கோடு கோடாகத் தகட்டு விளிம்புகள். பக்கத்திலும் அதே. பின்னந்தலையிலும் அதே. தலையைத் திருப்ப முடியாது. இமைக்க முடியாது. நெற்றிக்கு மேலே மட்டும் வானம், சாம்பல் நிறத்தில், ஒரு தலையளவு. மழைத்துளி ஒன்று விழுந்து, கண்ணின்மேல் உட்கார்ந்து, வழியாமல் நின்றது.

ணங். வானம் சிறுத்தது.

ணங். உள்ளங்கையளவு.

ணங்.

அடுக்கின் பக்கத்தில் ஸ்டூலில் ஏறும் காலடிச் சத்தம். வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு முகம் வந்தது. செண்பகம். செல்போன் வெளிச்சத்தை நேராக அவன் கண்ணுக்குள் அடித்தாள். அவளுடைய மூக்குத்தி தெரிந்தது. நெற்றியில் ஒட்டிய இரும்புத் தூசி தெரிந்தது. அவன் பார்த்தான். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, பார்க்க மட்டுமே முடிந்த ஒருவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான்.

அவள் ரொம்ப நேரம் குனிந்திருந்தாள்.

"ஒண்ணுமில்லண்ணே," என்றாள் கடைசியில். "காலியாத்தான் கெடக்குது."

"நான்தான் சொன்னேனே," என்றது பக்கத்தில் அவன் குரல். "பெரியதம்பி, கடைசித் தகட்ட எறக்குங்க. லாரிக்காரன் கத்திக்கினு இருக்கான்."

சங்கிலி சலசலத்தது. அறுபத்தேழாவது தகடு வானத்துக்குக் குறுக்கே மெதுவாக ஆடி வந்தது. அதில் பிறை ஓட்டைகள் இருந்தன. வட்ட ஓட்டை இரண்டு இருந்தது. மூலையில், அவனுக்கு நேர் மேலே வந்து நின்ற இடத்தில், ஓட்டை இல்லை.

இறங்கியது.

நான்கு பக்கமும் வெளிச்சம் ஒரு கீற்றாக இருந்தது. மயிரிழை. அப்புறம் அதுவும் இல்லை.

அடுக்கை அப்படியே லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். லாரி உறுமியது. துருவும் மழையும் நாக்கில் கரைந்தன. அடுக்கு அசைந்து கிளம்பும்போது, சுவருக்கு அந்தப் பக்கம், மிக அருகில், செல்போனில் யாரையோ சமாதானம் செய்யும் குரல் கேட்டது. அன்பான குரல். மூன்று நாள் கழித்து வீட்டுக்குக் கிளம்புகிறவனின் குரல்.

"அழாத அமலா. வேல முடிஞ்சிது. இதோ வந்துக்கினு இருக்கேன். நீ கதவத் தொறந்தே வை."